பதினேழாவது வரி

ஏலக்காய் பன் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பன்னுக்காக நான் குன்வோரோடு மல்லுக்கு நின்றதாக யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் அலுவலகம் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில், ஆஸ்பத்திரிக்கு எதிரே. மருந்து ஏற்றும் பம்புகளுக்கு அளவு விதிகள் எழுத நான் ஒரு சின்ன கணினி மொழி செய்தேன். அதற்குத் தனி வீடு கட்டவில்லை. ஹாஸ்கெல் என்ற பெரிய மொழிக்குள் குடிவைத்தேன். வீட்டுக்காரர் கறாரானவர். மைக்ரோகிராம் வர வேண்டிய இடத்தில் மில்லிகிராம் எழுதினால், பம்ப் வரை போகவே விடமாட்டார். நான்கு வருட உழைப்பு அது.

விதிகளை எழுதுகிறவள் மருந்தாளர் குன்வோர். தப்பாக எழுதினால் கணினி தரும் திட்டு, அதாவது பிழைச் செய்தி, என் மொழியில் வராது. பெரிய மொழியில், மூன்று பக்கத்துக்கு வரும். அவளுக்கு ஒரு எழுத்தும் புரியாது. யாருடைய விதி திரும்பி வருகிறதோ அவர் வெள்ளிக்கிழமை காபிக்கு பன் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். தொடர்ந்து பதினோரு வெள்ளிக்கிழமை அவள்தான் கொண்டுவந்தாள்.

“சிக்ஸ்டன், உன் மொழி என்னைப் பேக்கரிக்காரி ஆக்கிடுச்சு,” என்றாள். “எங்க தப்புன்னு கேட்டா, அது வீட்டுக்காரனோட பரம்பரைக் கதையெல்லாம் சொல்லுது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது.

மேலிடம் குறுக்குவழி கேட்டது. வரியின் தலையில் ‘என்னை நம்பு’ என்று எழுதினால் அந்த வரிக்குச் சோதனை கிடையாது. மூன்று கூட்டங்களில் வேண்டாம் என்றேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் என் கையாலேயே செய்துகொடுத்தேன். குன்வோர் அதை உப்பு மாதிரி எல்லா வரியிலும் தூவினாள். பன் நின்றுபோனது.

“இப்பதான்ப்பா இது மனுஷங்க பேசுற மொழி மாதிரி இருக்கு,” என்று என் தோளில் தட்டினாள்.

ஒவ்வொரு விதிக்கும் இரண்டு கையெழுத்து வேண்டும்: அவளுடையது, என்னுடையது. ஏப்ரலில் குழந்தைகள் வார்டுக்கான இதய மருந்து விதி வந்தது. பதினேழாவது வரியில் மைக்ரோகிராமுக்குப் பதில் மில்லிகிராம். ஆயிரம் மடங்கு. தலையில் ‘என்னை நம்பு’.

எப்படியும் ஒரு நர்ஸ் கவனித்துவிடுவார், விதி திரும்பி வரும், அவள் மறுபடி பன் வாங்குவாள், குறுக்குவழியை மூடச் சொல்வார்கள். இப்படித்தான் நினைத்தேன். நர்ஸ் கவனிக்கவில்லை. திரையில் வரும் எண்ணை அவர்கள் சந்தேகப்படுவதில்லை. சந்தேகமே வராதபடி அதைச் செய்தவன் நான்தான். அந்த மருந்து ஏறி இறந்த பெண் குழந்தைக்கு ஆறு வயது. வருந்துகிறேன், உண்மையாகவே.

ஆனால் குறுக்குவழியை மறுநாளே மூடிவிட்டார்கள். இனி என் மொழியில் அப்படியொரு தப்பை யாராலும் எழுத முடியாது. எத்தனை குழந்தைகள் பிழைப்பார்கள் என்று நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை குன்வோர் அழுதுகொண்டே பன் தட்டை வைத்தாள். யாரும் தொடவில்லை. வழக்கத்தை விடக்கூடாது என்று நான் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டேன்.

அத்தனை வரிகளில் ஒன்று கண்ணில் படாமல் போனது என்று சொல்லச் சொல்கிறார் என் வக்கீல். அது பொய். பதினேழாவது வரியின் தொடக்கத்தில் இடைவெளி ஒன்று கூடுதலாக இருந்தது. அதைத் திருத்திவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.