ஐந்து மணிக்குள் காலிப் பெட்டி

டீ பிரமாதம், ஐயா. எங்கள் அலுவலக டீயைப் பதினொரு வருஷம் குடித்தவனுக்கு இது அமிர்தம். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரே ஒரு திருத்தம். நீங்கள் எழுதியிருப்பதில் டெமரேஜும் டிடென்ஷனும் இடம் மாறிக் கிடக்கின்றன. எல்லோரும் சறுக்குகிற இடம்தான், வெட்கப்படாதீர்கள்.

பக்கத்து வீட்டு அக்கா தன் பாத்திரத்தில் உங்களுக்குச் சாப்பாடு எடுத்து வைத்திருக்கிறார். நீங்கள் போய் வாங்காமல் அது அவர் வீட்டிலேயே கிடந்தால் டெமரேஜ். வாங்கி வந்து, வழித்துத் தின்றுவிட்டு, பாத்திரத்தைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டால் டிடென்ஷன். அக்காவுக்குப் பதில் கப்பல் கம்பெனி, பாத்திரத்துக்குப் பதில் நாற்பதடிக் கண்டெய்னர், அவ்வளவுதான் சமாசாரம். இரண்டுக்கும் சில நாள் சும்மா விடுவார்கள். அப்புறம் நாளுக்கு நாள் அபராதம் ஏறும். என் பொறுப்பில் ஒரு நாள்கூட ஏறியதில்லை. முதலாளி என்னைக் 'கடிகாரம்' என்றுதான் கூப்பிடுவார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அன்றைக்கு வந்த சரக்கு கழிவறைப் பீங்கான். சிரிக்கலாம், நாங்களும் சிரித்தோம். சும்மா விடுகிற நாட்களை நான் வழக்கம்போல, பெட்டி துறைமுகத்தை விட்டு வெளியே வந்த தேதியிலிருந்து எண்ணியிருந்தேன். இந்தக் கப்பல் கம்பெனி எங்களுக்குப் புதிது. இவர்கள் கப்பலிலிருந்து இறக்கிய தேதியிலிருந்தே எண்ணுகிற ஆட்களாம். ஒப்பந்தத்தில் அந்த வரியை நான் படித்தபோது மதியம் ஒரு மணி. அன்றே கடைசி நாள். ஐந்து மணிக்குள் காலிப் பெட்டி கப்பல் கம்பெனியின் யார்டில் நிற்க வேண்டும்.

பாதிச் சரக்கு இன்னும் உள்ளே இருந்தது. இறக்குகிற ஆட்களை நானே காலையில் வேறு கிடங்குக்கு அனுப்பியிருந்தேன். மிச்சமிருந்தது என் மச்சினன் மட்டும், என் மனைவியின் தம்பி. ஆள் நல்ல கனம், மனசு பஞ்சு.

"மாப்ளே, என் மானமே உன் கைலதான்டா இருக்கு."

"மாமா, நீங்க ஓரமா நின்னு எண்ணுங்க, போதும்."

எண்ணினேன். கைதட்டி எண்ணினேன். ஒவ்வொரு பீங்கானையும் குழந்தை மாதிரி அணைத்துத் தூக்கிக்கொண்டு அவன் ஓட, நான் பின்னாலேயே ஓட, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி கெட்டது போங்கள். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு உற்சாகமான மதியம் வேறு கிடையாது. நாலு மணிக்குக் கடைசிப் பீங்கான் வெளியே வந்தது. பெட்டியைப் பெருக்கித்தான் கொடுக்க வேண்டும், அது விதி. பெருக்கிக்கொண்டே உள்கோடி வரை போனவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"மாமா, நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது. ரெண்டு நிமிஷம் படுத்துக்கறேன்."

"படுத்துக்கோடா ராஜா."

லாரி டிரைவர் முன்னால் இன்ஜினைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். யார்டுக்கு நாற்பது நிமிஷம். அவனைத் தூக்க ஆள் கூப்பிட்டு, ஆம்புலன்ஸ் வந்து, வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடி வழி மறித்தால் என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கள். கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். யார்டில் முதலுதவி அறை இருக்கிறது, ஐயா. எங்கள் கிடங்கில் அதுகூட இல்லை. ஒரு விதத்தில் அவனை வைத்தியத்துக்குத்தான் அனுப்பினேன்.

வழியில் டிரைவர் போன் செய்தார்.

"சார், சிக்னல்ல நிக்கறேன். பின்னாடி யாரோ தட்டற மாதிரி இருக்கு."

"காலிப் பெட்டின்னா தடதடன்னுதான் இருக்கும். நீங்க பாட்டுக்குப் போங்க."

அப்புறம் யார்டில் பெட்டியைப் பார்த்து ரசீது போடுகிறவர் கூப்பிட்டார்.

"வந்துருச்சு சார், நாலு அம்பத்திரண்டு. ஒரு தடவை திறந்து பாத்துடட்டுமா?"

"இத்தனை வருஷத்துல என் பெட்டியில ஒரு தூசி பாத்திருக்கீங்களா?"

"அதுவும் சரிதான்," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே ஆள் இருந்தால் அது காலிப் பெட்டி ஆகாதே, ஐயா. ரசீது எப்படிப் போடுவார்?

ரசீது வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன். அலுவலகம் முழுக்க ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன், வாட்ச்மேனுக்கு இரண்டு. ரசீது கைக்கு வந்த பிறகாவது சொல்லியிருக்கலாமே என்று காலையில் விசாரிக்கும்போது கேட்டீர்கள். நியாயமான கேள்வி. சொன்னால் ரசீதை ரத்து செய்துவிடுவார்கள்.

ராத்திரி என் மனைவி, தம்பி இன்னும் வரவில்லை என்றாள். கூட்டாளிகளோடு எங்கேயாவது சுற்றுவான் என்றேன். ஆறு நாள் அவள் தெருத்தெருவாகத் தேடினாள், நானும் கூடவே போனேன். ஏழாம் நாள் வேறு யாரோ சரக்கு ஏற்ற அந்தப் பெட்டியைத் திறந்தார்கள்.

அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீங்க கதவச் சாத்தறப்ப அவன் உங்களக் கூப்பிட்டானா?"

"இல்லம்மா. அசந்து தூங்கிட்டு இருந்தான்."

இந்த விவகாரம் முழுக்க நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், மனசில் எதையும் வைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்காது. ஒரு கதவைச் சாத்திவிட்டு இன்னொன்றைத் தள்ளும்போது உள்ளேயிருந்து, "மாமா, தண்ணி," என்றான். தண்ணீர் பாட்டில் என் கையில்தான் இருந்தது. மணி நாலு பத்து. நாற்பதடி உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். நான் ஒன்றும் ஈவிரக்கமில்லாதவன் இல்லை, ஐயா. "போற இடத்துல குடுப்பாங்கடா கண்ணு," என்று பதில் சொல்லிவிட்டுத்தான் சாத்தினேன்.