தேவியின் கழுத்தில் ஒரு புள்ளி

பேரரசர் பட்டத்துக்கு வந்த ஒன்பதாம் ஆண்டு, ஜூன் மாதம் இருபத்தொன்றாம் நாள், பொழுது புலர்ந்து ஒரு மணி நேரத்துக்குப் பின், ரோமாபுரியில் வெஸ்டா தேவியின் கன்னியர் இல்லத்து முற்றத்தில் அமர்ந்து இதைச் சொல்கிறேன். என் பெயர் பெத்தீலியா. இவ்வில்லத்துக்கு வந்து நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. தலைமைப் பொறுப்பில் இருப்பது பதினோராம் ஆண்டு. எழுதுபவர் குருமார் மன்றத்தின் இளம் செயலர் ஃபாதியுஸ். இவ்வாண்டு அத்திப்பழம் முன்னதாகவே பழுத்துவிட்டது. காலையில் இரண்டு தின்றேன். மிகவும் நன்றாக இருந்தன.

லரோனியா மண்ணறைக்குள் இறங்கியது நேற்று முன்தினம் நடுப்பகலில். தேவிக்கென்று நேர்ந்த உடலைத் தொட்டுக் கொல்லலாகாது என்பது நம் வழக்கம். ஆகவே கற்பு தவறிய கன்னியை, கொல்லினா என்னும் நகர வாயிலருகே நிலத்துக்கடியில் இறக்கி, கட்டில், விளக்கு, ரொட்டி, ஒரு குடம் தண்ணீர், ஒரு கிண்ணம் பால் ஆகியவற்றை உடன் வைத்து, ஏணியை மேலே இழுத்துக்கொண்டு, அறையின் வாயை மண்ணால் மூடிவிடுகிறோம். உணவு உள்ளே இருக்கிறது. ஆகவே யாரும் யாரையும் கொல்லவில்லை. பொருள்களைச் சரிபார்த்தவள் நான்தான். விளக்கில் எண்ணெய் சற்றுக் குறைவாக இருந்தது. நிரப்பச் சொன்னேன்.

ஃபாதியுஸுக்குப் பொறுமை இல்லை.

"அம்மா, அந்தப் பொண்ணு இன்னும் உசுரோட இருக்கும். ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க, ஓடிப்போய் மண்ண வெட்டச் சொல்றேன்."

"தம்பி, முதல்ல உட்காரு. நடந்தத நடந்த வரிசையிலதான் சொல்லுவேன். நடுவுல பிடிச்சா உனக்கும் புரியாது, மன்றத்துக்கும் புரியாது. நீ இப்ப சொன்னதையும் எழுதிக்கோ."

எழுதிக்கொண்டார். மேசைமேல் இரண்டு செப்புக் காசுகளை வைத்திருக்கிறார். இரண்டிலும் முன்பக்கம் பேரரசரின் தலை. பின்பக்கம் முக்காடிட்டு அமர்ந்திருக்கும் வெஸ்டா தேவி, வலக் கையில் பூசைத் தட்டு, இடக் கையில் செங்கோல். ஒன்று விசாரணையில் நான் கொடுத்தது. மற்றொன்று நேற்று ரொட்டிக் கடையில் இவருக்கு மீதிச் சில்லறையாக வந்தது. முதல் காசில் தேவியின் கழுத்தில் ஒரு புள்ளி உண்டு. இரண்டாவதில் இல்லை. அதைப் பற்றித்தான் என்னிடம் கேட்க வந்திருக்கிறார். வரிசைப்படி அங்கே வருவேன்.

நம் தேவிக்குச் சிலை கிடையாது. கோயிலுக்குள் போனால் நெருப்பு மட்டுமே இருக்கும். அந்த நெருப்பே தேவி. ஆனால் காசில் நெருப்பை அடித்தால் குடிமக்களுக்கு மதிப்பாகத் தெரியாது என்று யாரோ பேரரசரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே ஏப்ரல் மாதத்தில், காசு அடிக்கும் அக்கசாலையிலிருந்து அச்சு வெட்டுபவன் ஒருவனை அனுப்பினார்கள். ஹெர்மேரோஸ் என்று பெயர். விடுதலை பெற்ற அடிமை, கிரேக்கன். குள்ளமான ஆள். நுணுக்க வேலையிலேயே மங்கிப்போன இடக்கண் எப்போதும் பாதி மூடியிருக்கும்.

"தேவி எப்பிடிம்மா இருப்பாங்க?" என்று கேட்டான்.

"நெருப்பு மாதிரி இருப்பாங்க."

"நெருப்ப செம்புல வெட்டினா முள்ளங்கி மாதிரில்லம்மா வரும். முள்ளங்கிக்குக் கோயில் கட்டிருக்கீங்களான்னு ஊரே கேக்கும்."

நான் சிரித்துவிட்டேன். இவ்வில்லத்தில் அதற்கு முன் நான் எப்போது சிரித்தேன் என்று பணிப்பெண்கள் பிற்பாடு தங்களுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார்களாம்.

முக்காடு எப்படி மடிந்து விழுகிறது என்பதைப் பார்த்து வரைய ஒருவர் உட்கார வேண்டும் என்றான். தலைவி இருக்கும்போது வேறொருவர் உட்காருவது முறையன்று. ஏழு காலைகள் உட்கார்ந்தேன். ஆண் ஒருவன் வரும்போது கன்னி தனித்திருக்கலாகாது என்பதால் லரோனியாவை உடன் நிற்கவைத்தேன். அவளுக்கு இருபத்திரண்டு வயது, நல்ல பெண், எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். செங்கோலுக்குப் பதிலாக ஒரு துடைப்பத்தை என் கையில் கொடுத்தவள் அவள்தான். பூசைத் தட்டுக்குப் பதிலாக அடுக்களையின் ரொட்டித்தட்டு ஒன்று வந்தது. இப்படியாக நான் தேவியாக அமர்ந்திருந்தேன்.

அந்த ஏழு நாளும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உள்ளங்காலை யாரோ இறகால் வருடுவதுபோல் இருந்தது. பத்து வயதில் இவ்வில்லத்துக்குள் வந்தவளை ஒருவரும் அப்படி உற்றுப் பார்த்ததில்லை. எங்களைப் பார்ப்பவர்கள் வழிவிட்டுத் தலைகுனிவார்கள், அவ்வளவுதான். இவனோ பாதிக் கண்ணால் பார்த்துவிட்டு, "அம்மா, காசுல அடிக்கணும்னே செஞ்ச மூக்கும்மா இது" என்றான். அன்று இரவு உணவில் தேன் பணியாரம் ஆறு தின்றேன். கூடத்தில் நடக்கும்போது பாடியிருக்கிறேன். பணிப்பெண் பின்னலை மூன்று முறை அவிழ்த்துப் பின்னினாள்; முக்காட்டுக்குள் இருக்கும் பின்னலை யாரும் பார்க்கப்போவதில்லை என்பதை அறிந்தே பின்னச் சொன்னேன். இதில் பிழை எதுவும் இல்லை. தேவியின் உருவம் நன்றாக அமையவேண்டும் என்ற அக்கறையே காரணம்.

ஜூன் ஒன்பதாம் நாள், தேவியின் திருநாளில், காசு வெளிவந்தது. அன்று ரொட்டிக் கடைக்காரர்கள் தங்கள் மாவரைக்கும் கழுதைகளுக்கு ரொட்டி மாலையும் பூமாலையும் போட்டு ஊர்வலம் விடுவார்கள்; பெண்கள் வெறுங்காலோடு கோயிலுக்கு வருவார்கள். ஒரு கழுதை முன்னே போன கழுதையின் மாலையைத் தின்றது. பின்னே வந்தது இதன் மாலையைத் தின்றது. கடைசிக் கழுதை மட்டும் பிழைத்துக்கொண்டது. வீதியே சிரித்தது. நானும் சிரித்தேன். கையில் புதுக் காசு, அதில் நான்.

படிக்கட்டுக்குக் கீழே ரொட்டிக் கடைக்காரி ஒருத்தி காசை வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.

"அடியே, தேவி மூஞ்சியப் பாரு. மேல நிக்கிற சின்னம்மா சாயல் அப்பிடியே இல்ல?"

"எங்கடி மூஞ்சி? கடுகத் தேச்சு வெச்ச மாதிரி இருக்கு."

"கடுகுக்கும் சாயல் இருக்காதா? நல்லா பாருடி."

லரோனியாவுக்குக் கேட்டுவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் தோளில் சாய்ந்துகொண்டு, "பெரியம்மா, பாத்தீங்களா, நீங்க உக்காந்து முதுகு வலிச்சது மிச்சம், காசுல ஏறுனது நான்" என்றாள்.

நான் காசைத் திருப்பிப் பார்த்தேன். உண்மைதான். முகம் கடுகளவே இருந்தது. ஆனால் அது அவளுடைய முகம். இளமுகம். அந்த மூக்கு என் மூக்கன்று.

ஓர் ஒழுங்கு குலைந்தால் அதைத் திருத்துவது தலைவியின் கடமை. தேவியின் பெயரால் ஒரு பெண்ணின் முகம் நாடெங்கும் கைமாறுவதும், அவள் அதற்குச் சிரிப்பதும் ஒழுங்காகா. இதை நான் சினத்தோடு முடிவு செய்யவில்லை. அன்று மாலைவரை நான் கழுதைகளை எண்ணிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பதினாறாம் நாள் பிற்பகல் நெருப்புக் காவல் லரோனியாவுடையது. அவளிடம் சென்று, "பூசைக்கு வெச்ச உப்புக் கரைசல் எப்படி வந்திருக்குன்னு போய்ப் பாத்துட்டு வா, அதுவரைக்கும் நான் நிக்கறேன்" என்றேன். "நீங்க எதுக்கு நிக்கணும் பெரியம்மா, கால் வலிக்கும்" என்று சொல்லிவிட்டு, எனக்கு ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுத்தான் போனாள். ஊற்று நீர்க் குடம் பக்கத்தில் இருந்தது. நீரை ஒரே இடத்தில் கொட்டினால் தேங்கி நிற்கும். ஆகவே கையால் அள்ளிச் சுற்றிலும் சீராகத் தெளித்தேன். பிறகு நெருப்பை ஈரச் சாம்பலால் மூடினேன். அடுக்களை வழியாக வெளியே வந்துவிட்டேன். முக்காலியை எடுத்து வந்ததும் நான்தான்.

நெருப்பு அணைந்தால் தேவி எதற்காகவோ சினந்திருக்கிறாள் என்று பொருள். எதற்காக என்று மன்றம் கேட்டது. நான் காசைக் கொடுத்தேன்.

லரோனியாவின் கழுத்தில், முக்காடு மறைக்கும் இடத்தில், ஒரு மச்சம் உண்டு. குளியலறையில் பார்த்த எங்களுக்கு மட்டுமே அது தெரியும். அந்த மச்சம் காசில் இருக்கிறது, எனவே அச்சு வெட்டியவன் அவளை முக்காடின்றிப் பார்த்திருக்கிறான் என்று பணிவோடு எடுத்துச் சொன்னேன். மூத்த குருமார் மூவர் காசை வாங்கிப் பார்த்தார்கள். முதலாமவர் மூக்கில் இடிக்கும்படி வைத்துப் பார்த்தார். இரண்டாமவர் கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார். மூன்றாமவர் பேரரசரின் பக்கத்தையே நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஆமா, மச்சம் தெளிவாத் தெரியுது" என்றார். மற்ற இருவரும் உடனே ஆமோதித்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும் பாடாகிவிட்டது. முக்காட்டின் பயனை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன்.

லரோனியா ஒன்றே ஒன்று சொன்னாள். "பெரியம்மாவக் கேளுங்க. அவங்கதான் என்ன அனுப்பிட்டு நின்னாங்க. அவங்களுக்குத் தெரியும்."

என்னைக் கேட்டார்கள். நினைவில்லை என்றேன்.

ஹெர்மேரோஸைச் சபைத் திடலில் வைத்துச் சவுக்கால் அடித்தார்கள். அது யாருடைய முகம் என்று கேட்டதற்கு அவன் கடைசிவரை ஒரே விடைதான் சொன்னான். "யார் மூஞ்சியும் இல்லீங்கய்யா. அந்த அளவுல மூஞ்சியே வராது. உளியால ரெண்டு தட்டு தட்டுனேன், அவ்வளவுதான்." அவன் இறந்தது குறித்து எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் ஏழு காலைகள் ஒருவரை எதிரே உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, சாகும் வேளையில்கூட இப்படிப் பேசுவது எந்த விதத்தில் சரி என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இப்போது ஃபாதியுஸ் எழுந்து நின்றுகொண்டு எழுதுகிறார். எழுத்துக் கோணுகிறது.

"எங்கப்பா அக்கசாலையில சுத்தியல் அடிச்சவரும்மா. அச்சுல புள்ளி வெட்டினா காசுல அது மேடாத்தான் எழும்பும். உங்க காசுல குழியா இருக்கு. இது அச்சுல வந்ததே இல்ல. யாரோ காசு மேலயே குத்தியிருக்காங்க."

"நீ சொல்றது சரி, தம்பி. அது எனக்குத் தெரியாமப் போச்சு."

எழுத்தாணியால் குத்தினேன். மூன்று தட்டு. மேசைமேல் துணியை நான்காக மடித்துப் போட்டுக்கொண்டேன், ஓசை கேட்கக்கூடாது என்பதற்காக. நெருப்பை அணைத்தவளும் நான். லரோனியா எந்த ஆண்மகனையும் அறியாதவள். ஹெர்மேரோஸ் அவள் கழுத்தை ஒருபோதும் பார்த்ததில்லை. அவன் பார்த்தது என்னைத்தான். இது முழு உண்மை. யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

ஃபாதியுஸ் ஏட்டை எடுத்துக்கொண்டு ஓடப் பார்த்தார். தொடக்கத்திலிருந்து ஒருமுறை படித்துக் காட்டச் சொன்னேன். பிழையோடு ஒன்றில் என் முத்திரையை வைக்க மாட்டேன். படித்தார். நான்கு இடங்களில் திருத்தினேன். பிறகு முத்திரை வைத்தேன். அப்போது நடுப்பகல் ஆகியிருந்தது.

அதே நாள் மாலையில் அவர் திரும்பி வந்து சொன்ன முடிவையும் முறைப்படி இதில் சேர்க்கச் சொன்னேன். அவர் எழுத மறுத்துவிட்டதால் இப்பகுதியை நானே எழுதுகிறேன். அவர் எதிரே தரையில் அமர்ந்து, முழங்காலில் முகம் புதைத்துக்கொண்டிருக்கிறார். "தண்ணி இன்னும் இருக்கும்மா, தண்ணி இன்னும் இருக்கும்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

மன்றம் கூடி, வாக்குமூலத்தை இரண்டு முறை படிக்கக் கேட்டது. மண்ணைத் திறப்பதில்லை என்று முடிவாயிற்று. இப்போது திறந்தால், இதற்கு முன் இறங்கியவர்களும் குற்றமற்றவர்களோ என்று மக்கள் கேட்பார்கள். அதற்கு மன்றத்திடம் விடை இல்லை. வாக்குமூலம் முத்திரையோடு பெட்டகத்துக்குள் போகும். தீர்ப்பு பிழையாக இருக்க முடியாது என்பதால், இனி அடிக்கும் காசுகள் அனைத்திலும் தேவியின் கழுத்தில் புள்ளி ஒன்று, முறைப்படி மேடாக, இடம்பெறும். ஒரே ஆண்டில் இரண்டு கன்னியரைப் பற்றி ஊர் பேசுவது நல்லதன்று. ஆகவே தலைவி மாற்றம் இல்லை. பழைய அச்சுகளை உடைத்துப் புதியன வெட்ட வேறொருவனை அமர்த்தியிருக்கிறார்கள். இளைஞன், கண் கூர்மையானவன் என்கிறார்கள். நாளைக் காலையில் வருகிறான். உட்காருவதற்கு நான் இசைந்துவிட்டேன்.