பெரட்டில் விட்ட பெயர்

மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை. சுங்கை பட்டாணியில் எங்கள் வீட்டு வரிசைக்குத் தண்ணீர் லோரி இரவில்தான் வரும். வாளிகளை வைத்துக்கொண்டு நெருங்கி உட்கார்ந்திருந்தோம். மனோகரன் அண்ணன், தன் கூட்டாளி சிரிலின் அண்ணனுக்கு நடந்தது என்று ஆரம்பித்தார்.

“பேய்க் கதையாண்ணே? வேணாம்லா.”

“பயந்தா உள்ள போய்ப் படு, பிரேமா.”

எழுபத்தாறாம் வருடம். விடியற்காலை ஐந்து மணி. ஆற்றோரத் தோட்டத்தின் செம்மண் சாலை. பட்டணத்துக்குத் தண்ணீர் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்துதான். கம்யூனிஸ்டுகளை விரட்ட ராணுவம் இறங்கியிருந்தது. விடியும்முன் ஆற்றோரம் யாரும் போகக்கூடாது என்று உத்தரவு.

மழையால் வேலை கெட்டிருந்தது. சிரிலின் அண்ணன் பெர்னார்ட்தான் தோட்டத்துக் கணக்கு பார்க்கும் கிராணி; உத்தரவை மீறிக் கூலி காளியம்மாவை மட்டும் ரப்பர் பால்மரம் வெட்ட அனுப்பினார். நெற்றி விளக்கோடு போனாள்.

இரண்டு வெடி... ஆற்றில் ஏதோ விழுந்தது.

அவள் எங்கள் ஆளில்லை, காட்டுக்கு அரிசி கடத்துபவள் என்று ராணுவ அதிகாரியிடம் பெர்னார்ட் சொன்னார். மறுநாள் காலைப் பெரட்டில், வேலையாட்களை நிறுத்தி ஆள் கணக்கெடுக்கும்போது, எல்லோர் பெயரையும் கூப்பிட்டார். அவள் பெயரை விட்டுவிட்டார்.

பிறகு பெர்னார்டுக்குப் பட்டணத்தில் குழாய் வைத்த வீடு. முதல் விடியல், ஐந்து மணி. குழாயைத் திறந்தார். உஸ்ஸென்று காற்று... புளித்த ரப்பர் பால் வாடை... “என் பேரக் கூப்பிடுங்க ஐயா.”

தினமும் அதே. குழாயில் துணி சுற்றிக் கம்பியால் கட்டினார். நிற்கவில்லை. எட்டாம் மாதம் தாங்க முடியாமல் கூப்பிட்டார். “காளியம்மா!”

“இருக்கேன்யா.”

மனைவி ஜோசபின் குளியலறைக் கதவை உடைத்தாள். காய்ந்த தரை. காய்ந்த சட்டை. நெஞ்சு நிறைய ஆற்று மணல்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஐந்து மணிக்குக் குழாயில் இரண்டு குரல். கூப்பிட்டது அவள். “பெர்னார்ட்!”

“இருக்கேன்மா.”

“அடுத்த பேரு வர்றதுக்குள்ள ஜோசபின் குழாய மூடிட்டாங்க,” என்றார் மனோகரன் அண்ணன்.

“அடுத்து யாருண்ணே?”

“அன்னைக்குப் பெரட்டுல நாப்பது பேர் நின்னோம். ஒருத்தனும் வாயத் தொறக்கல.”

நின்னோம் என்றார்.

அப்போது வீடுகளுக்குள் குழாய்கள் உஸ்ஸென்றன. எல்லோரும் வாளியோடு ஓடினார்கள். அவர் மட்டும் எழவில்லை. அவர் வாளியை நிரப்பித் தர நான் அவர் வீட்டுக்குள் போனேன்.

குழாயில் துணி. அதன்மேல் கம்பி, பல வருடத் துருவோடு. கீழே இன்னொரு வாளி நிறைந்து வழிந்தது. புளித்த வாடை.

வெளியே மனோகரன் அண்ணனின் குரல் கேட்டது. யாரும் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை.

“இருக்கேன்மா.”