கேப்டன் கொய்யாவும் முடியாத பலகைச் சுவரும்

தைனெலிஸ்: நான் போகப்போற அலமார் பேட்டையில கடல் காத்து வரும். அதை மட்டும் நீ சொல்ல மாட்டே.

ஓஸ்மெல்: வரும். ஹவானாவுல கடல் காத்து எங்கதான் வராது? அங்க என்ன விளையாட்டு ஓடுதுன்னு விசாரிச்சியா?

தைனெலிஸ்: வீடு மாத்திட்டுப் போறவ தண்ணி ஏறுதா, மாடிப்படி எத்தனைன்னு விசாரிப்பா. விளையாட்டையா விசாரிப்பா?

ஓஸ்மெல்: விசாரிக்கணும். ஒவ்வொரு பேட்டையிலயும் பசங்க மொட்டை மாடிக்கு மொட்டை மாடி இழுத்த கேபிள்ல ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுதான் ஓடும். அலமார் முழுக்க 'நிலாப் பண்ணை'. விண்கப்பல்ல ஏறி, எரிகல்லுக்கெல்லாம் தப்பிச்சு, உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிலாவுல இறங்கினா... என்ன செய்யணும் தெரியுமா?

தைனெலிஸ்: என்ன?

ஓஸ்மெல்: கத்திரிக்கா நடணும்.

தைனெலிஸ்: நட்டா என்ன? காய்க்கும்ல?

ஓஸ்மெல்: காய்க்கும். பறிப்பே. 'வாழ்த்துகள், அறுவடை முடிந்தது'ன்னு எழுத்து வரும். அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்த வானத்துக்கே வேலை கிடையாது.

தைனெலிஸ்: ஒரு காரியம் முடிஞ்சா உனக்கு ஏன்யா வயித்தெரிச்சல்? கல்யாணத்துக்கு முந்தி ஆரம்பிச்ச பாத்திர அலமாரி இன்னும் ஒத்தைக் கதவோட நிக்குது.

ஓஸ்மெல்: அது இப்ப உன் பக்கம். அடுப்பு உனக்கு, குளியலறை எனக்குன்னு விவாகரத்து அன்னைக்கே பிரிச்சாச்சு.

தைனெலிஸ்: நல்லாப் பிரிச்சே. நடுவுல நீ அடிச்ச பலகைச் சுவராவது முழுசா நிக்குதா? மேல ஒரு முழம் திறந்து கிடக்கு. அது வழியா உன் குறட்டை வருது.

ஓஸ்மெல்: அது வழியாதான் உன் காபியும் வருது... அதாவது, வந்தா.

தைனெலிஸ்: இந்தா, பிடி. நாற்காலி மேல ஏறாம எட்டாதே உனக்கு? ஏறு. மெதுவா... சட்டையில கொட்டிக்காத. நாலு மணிக்குத் தரகர் எவெலியோ அண்ணன், இந்த வீட்டை எடுத்துக்கிட்டு நமக்கு ஆளுக்கு ஒரு இடம் குடுக்கிற ஆளுங்களைக் கூட்டிட்டு வர்றாரு. கையெழுத்துப் போடுற அன்னைக்குக் காபிக் கறையோட நிக்காதே.

ஓஸ்மெல்: மூலை வீட்டுல இருக்கிற மனுஷன். ஒரு நாளாவது சொன்ன நேரத்துக்கு வந்திருக்காரா? ...இதுல காபி இருக்கா, வெறும் பட்டாணியா?

தைனெலிஸ்: ரேஷன்காரன் என்ன கலந்தானோ அதான் இருக்கு. வேண்டாம்னா திருப்பிக் குடு.

ஓஸ்மெல்: குடிச்சிட்டேன்.

தைனெலிஸ்: செண்ட்ரோல உனக்கு வர்ற அறையில பெரிய ஜன்னல் இருக்காமே. நேத்து போய் அளவெல்லாம் எடுத்தியாம்.

ஓஸ்மெல்: எடுத்தேன். ஜன்னல் பெருசு, மனசு சின்னது. அந்தப் பேட்டையில 'சீட்டுக் கப்பல்'தான் ஓடுது.

தைனெலிஸ்: அது என்ன?

ஓஸ்மெல்: அதுவும் வானம்தான், அதுவும் கப்பல்தான். எதிரி மூக்குக்கு முன்னாடி நிக்கிறான், உன் கையில பீரங்கி இருக்கு. ஆனா சுட முடியாது. முதல்ல சீட்டு எடுக்கணும். சுடுற சீட்டு வந்தாத்தான் சுடலாம். எனக்கு ஒரு தடவை 'கப்பலைக் கழுவு'ன்னு வந்தது.

தைனெலிஸ்: கழுவினியா?

ஓஸ்மெல்: கழுவினேன். பளபளன்னு இருந்தது. அப்படியே வெடிச்சது.

தைனெலிஸ்: சிரிப்பு மூட்டாதே, நான் மூட்டை கட்டிட்டிருக்கேன். எங்க அக்கா பையன் ஒண்ணு விளையாடுறானே, விண்வெளியில சாப்பாட்டுக்கடை?

ஓஸ்மெல்: அதுவா! ஆறு கை இருக்கிறவன் வந்து ஆறு தட்டு கேப்பான். தாமதமானா ஆறு கையாலயும் அடிப்பான். இவனுங்க எல்லாரும் ஒரே தப்பைத்தான் பண்றாங்க. வானத்தைக் குடுத்துட்டு, உடனே பயந்துபோயி அதுல ஒரு வேலையும் குடுத்துடுறாங்க. பண்ணை, சீட்டு, சட்டி. நம்ம தெருவுல ஓடுற 'கரையில்லா வானம்' அப்படியா? எங்க வேணா போ. வியாபாரம் பண்ணு, சண்டை போடு, சும்மா ஒரு வால்நட்சத்திரத்துக்குப் பின்னாடியே போயிட்டிரு... யாரும் ஏன்னு கேக்க மாட்டான்.

தைனெலிஸ்: நான் கேப்பேனே, ஏன்னு. அதான் உனக்கும் எனக்கும் ஒத்து வரல.

ஓஸ்மெல்: நீதான் விளையாட்டையே தொடமாட்டியே.

தைனெலிஸ்: எனக்கு எங்கய்யா நேரம்? பிள்ளைங்களுக்கு ஆய்வேடு தட்டச்சு பண்றதுக்கே விரல் வீங்குது. இந்த மாசம் பூரா பல் மருத்துவம்.

ஓஸ்மெல்: பல் மருத்துவத்துல எதுக்கு 'இடது பக்கம் சுடு, இடது பக்கம் சுடு'ன்னு கத்துறே?

தைனெலிஸ்: ...கடவாய்ப் பல்லு. இடது பக்கம். வேரைச் சுடணும்.

ஓஸ்மெல்: ஓ.

தைனெலிஸ்: என்ன ஓ?

ஓஸ்மெல்: ஒண்ணுமில்ல. பல்லுன்னா சுடத்தானே வேணும். ...எனக்கு அந்தக் கேப்டன் கொய்யாவை விட்டுட்டுப் போறதுதான் கஷ்டமா இருக்கு.

தைனெலிஸ்: யாரு அது கொய்யா?

ஓஸ்மெல்: 'கரையில்லா வானத்துல' என் கூட்டாளி. அங்க எனக்கு முதலைன்னு பேரு. ஒரு வருஷமா ரெண்டு பேரும் சேர்ந்துதான் சரக்கு ஓட்டுறோம். ஆளு யாருன்னு தெரியாது. இந்தத் தெருவுலதான் யாரோ.

தைனெலிஸ்: நல்லா ஓட்டுவானா?

ஓஸ்மெல்: ஓட்டுறதா? கப்பல் அவன் கையில பூனைக்குட்டி மாதிரி நெளியும். ஆனா வாய்... யப்பா! நான் கொஞ்சம் தள்ளி நிறுத்திட்டா போதும், 'முதலை, உனக்குக் கண்ணு இருக்கா, பொத்தானா'ன்னு கேப்பான்.

தைனெலிஸ்: கேட்டா என்ன தப்பு? நீ நிறுத்துற லட்சணம்... அப்படி நிறுத்தியிருப்பேன்னு சொல்றேன்.

ஓஸ்மெல்: எங்களோட மூணாவதா ஒருத்தன் உண்டு. நண்டுன்னு பேரு. எரிபொருள் போட மறந்துட்டு நடுவானத்துல நிப்பான். நாங்கதான் போய்க் கயிறு கட்டி இழுத்துட்டு வரணும்.

தைனெலிஸ்: பாவம்யா அந்த மனுஷன். சூரியனைக் கிரகம்னு நினைச்சு இறங்கப் போனானே, அன்னைக்கு நான் சிரிச்சதுல...

ஓஸ்மெல்: அது உனக்கு எப்படித் தெரியும்?

தைனெலிஸ்: நீதானே சொன்னே.

ஓஸ்மெல்: நான் சொல்லல.

தைனெலிஸ்: குறட்டையில சொன்னே. ...ஏன் பக்கத்துல வந்து நிக்கிறே? பலகை ஆடுது. போய் உன் விளையாட்டைப் பாரு. எனக்கு ரெண்டு பக்கம் தட்டச்சு பாக்கி இருக்கு.

ஓஸ்மெல்: சரி. கையெழுத்துக்கு முன்னாடி கடைசியா ஒரு ஓட்டம். கொய்யாவும் வந்துட்டான் பாரு, இப்பத்தான்! பனிக்கட்டி ஏத்தணுமாம்.

தைனெலிஸ்: ஏத்துங்க ஏத்துங்க. என்னைத் தொந்தரவு பண்ணாதே.

ஓஸ்மெல்: நீ பல்லைப் பாரு.

தைனெலிஸ்: பாத்துட்டுத்தான் இருக்கேன்...

ஓஸ்மெல்: ...

தைனெலிஸ்: ...

ஓஸ்மெல்: போச்சு! கரண்டு போச்சு! தெருவே கத்துது, கேக்குதா?

தைனெலிஸ்: அய்யோ, பாதிச் சரக்குதானே ஏறியிருக்கு!

ஓஸ்மெல்: என்ன சரக்கு?

தைனெலிஸ்: பல்லு.

ஓஸ்மெல்: பாதிச் சரக்குப் பல்லா?

தைனெலிஸ்: கீழ்வரிசை இன்னும் பாக்கி... ஏன்யா சிரிக்கிறே? ஓஸ்மெல்! நாற்காலியை விட்டு இறங்கு. மேல எட்டிப் பாக்காதே. இறங்குன்னா...

ஓஸ்மெல்: வணக்கம் கேப்டன்.

தைனெலிஸ்: ...எப்பலேர்ந்து தெரியும்?

ஓஸ்மெல்: ஃபியூஸ் போன அன்னைக்கு. நீ இஸ்திரிப் பெட்டியைச் சொருகினே, நான் தண்ணி மோட்டாரைப் போட்டேன். டப்! தெருவுல எல்லா வீட்டுலயும் விளக்கு எரியுது, நம்ம வீடு மட்டும் இருட்டு. ஃபியூஸை மாட்டிட்டு மறுபடி விளையாட்டுக்குள்ள போனா, நண்டு எழுதி வச்சிருக்கான்: 'முதலையும் கொய்யாவும் ஒரே நொடியில எங்க போனீங்க? என்னை விட்டுட்டு ரகசியப் பயணமா?' தெருவுக்கே கரண்டு போனா கொய்யா யாரா வேணா இருக்கலாம். நம்ம ஃபியூஸோட போற கொய்யா யாரு?

தைனெலிஸ்: அது கார்னிவல் திருவிழாவுக்கு முந்தியாச்சே! அன்னைலேர்ந்து வாயைத் திறக்காம இருந்தியா? அமுக்குணி!

ஓஸ்மெல்: நீ ஏன் கோபப்படுறே? முதலை நான்தான்னு உனக்கு மட்டும் இன்னைக்கா தெரியும்?

தைனெலிஸ்: எனக்கா... எனக்கு முதல் மழையிலயே தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் நீ தும்மினே. இந்தப் பக்கம் முதலையோட கப்பல் கோணிக்கிட்டுப் போய்ப் பாறையில இடிச்சது. மறுபடி தும்மினே, மறுபடி இடிச்சது. எலுமிச்சைச் சாறு வச்சுக் குடுத்தேனே, ஞாபகம் இருக்கா? கப்பலுக்காகத்தான் குடுத்தேன்.

ஓஸ்மெல்: எனக்காகன்னு நினைச்சேன்.

தைனெலிஸ்: ...கப்பல்ல யாரு இருந்தா?

ஓஸ்மெல்: தைனே, ஒண்ணு கேக்கலாமா? ஏன் சொல்லல?

தைனெலிஸ்: சொன்னா அன்னைக்கே சண்டை ஆரம்பிச்சிருக்கும். இந்த வீட்டுல நீ என்னைக்காவது 'நான் வரவா'ன்னு கேட்டுட்டு வந்திருக்கியா? அங்க கேக்குறே. ஒவ்வொரு தடவையும். 'கொய்யா, உதவிக்கு வரவா?' வரச்சொன்னா வர்றே. வேண்டாம்னா தூரத்துல விளக்கைப் போட்டுட்டு நிக்கிறே.

ஓஸ்மெல்: அங்க நீ 'நன்றி'ன்னு எழுதுவே. முதல் தடவை பாத்துட்டு, யாரோ வேற ஆளுன்னே நினைச்சேன்.

தைனெலிஸ்: பேச்சைப் பாரு. ...விசிறி எங்கே வச்சேன், வேர்க்குது.

ஓஸ்மெல்: இப்ப என்ன பண்றது? அலமார்ல கத்திரிக்கா, செண்ட்ரோல சீட்டு. இந்தக் கேபிள் இந்தத் தெருவோட சரி.

தைனெலிஸ்: தெரியும். அதனாலதான் முதல்ல வந்த ஆளுங்ககிட்ட கூரை ஒழுகுதுன்னு சொன்னேன்.

ஓஸ்மெல்: நீயா சொன்னே! நான் ரெண்டு நாள் கூரை மேல ஏறி ஓட்டை தேடினேனே!

தைனெலிஸ்: நீ தேடி எதைத்தான் கண்டுபிடிச்சே?

ஓஸ்மெல்: சரி, கோபப்படாதே... அதுக்கு அடுத்து வந்தவங்ககிட்ட, பக்கத்து வீட்டு மாடியில பன்னி வளக்குறாங்கன்னு சொன்னது நான்தான்.

தைனெலிஸ்: அடப்பாவி! அந்தம்மா மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுச்சே, என் சோப்பு வாசனைன்னு நினைச்சு சோப்பையே மாத்தினேன்!

ஓஸ்மெல்: இன்னைக்கு வர்றவங்ககிட்ட என்ன சொல்லியிருக்கே?

தைனெலிஸ்: ஒண்ணும் சொல்லல. நீ ஜன்னலுக்கு அளவெடுத்துட்டு வந்தே. சரி, போகணும்னு முடிவு பண்ணிட்டான், போகட்டும்னு விட்டுட்டேன். நீ?

ஓஸ்மெல்: நானும் சொல்லல. நீ கடல் காத்து, கடல் காத்துன்னு பாடிட்டிருந்தே...

தைனெலிஸ்: அப்ப இவங்க நிஜமாவே வர்றாங்க.

ஓஸ்மெல்: பத்திரத்தோட.

தைனெலிஸ்: கதவு தட்டுறாங்க. ...ஓஸ்மெல். கதவு.

ஓஸ்மெல்: கேக்குது. நீ போய்ச் சொல்லு.

தைனெலிஸ்: என்னன்னு சொல்றது? விவாகரத்து ஆனவங்க, பிரிய மனசில்லன்னா? நீ சொல்லு.

ஓஸ்மெல்: நான் சொன்னா பாதியில நிறுத்திடுவேன். எதையும் முடிக்கத் தெரியாதவன்னு நீதானே சொல்லுவே.

தைனெலிஸ்: இன்னைக்காவது முடிய்யா!

ஓஸ்மெல்: நான் வரவா... உன் பக்கம்? வந்து, ரெண்டு பேருமா கதவைத் திறப்போம்.

தைனெலிஸ்: ...வா. சுவரு மேல ஏறி வராதே! வாசல் வழியா வா.

எவெலியோ: யாரும்மா உள்ள? எவ்வளவு நேரமாத் தட்டுறது? இருட்டுல ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க, என்ன விசேஷம்?

தைனெலிஸ்: வாங்க அண்ணே. கரண்டு இல்ல, தடுக்கி விழுந்துடுவாருன்னு பிடிச்சேன். அவங்க எங்கே?

எவெலியோ: வரல.

ஓஸ்மெல்: வரலியா?

எவெலியோ: இனிமே வரவும் மாட்டாங்க. இந்த வீட்டுல பேய் இருக்காம். ராத்திரியானா ஒரு பொம்பளைக் குரல் 'இடது பக்கம் சுடு'ன்னு அலறுதாம். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆம்பளை 'நான் வரவா, நான் வரவா'ன்னு முனகுறானாம். கேட்டதும், இன்னைக்குக் கையெழுத்துப் போட இருந்த அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கிட்டு பஸ் ஏறிடுச்சு.

தைனெலிஸ்: ஏய்! ஒண்ணும் சொல்லலன்னு சொன்னியே!

ஓஸ்மெல்: சத்தியமா நான் இல்ல. நான் பன்னியோட நிறுத்திட்டேன். நீதான்...

தைனெலிஸ்: நான் கூரையைத் தவிர எதையும் தொடல! அப்ப பேயைக் கிளப்பினது யாரு?

எவெலியோ: நான்தான். உங்க சத்தம்தான் என் மூலை வீடு வரைக்கும் கேக்குதே. தரகு போனாப் போகுது. நீங்க ஆளுக்கு ஒரு மூலையாப் போயிட்டா, மூணாவது நிலாவுக்குப் பின்னாடி எரிபொருள் இல்லாம நேத்துலேர்ந்து நிக்கிறேனே, என்னை எவன் வந்து இழுப்பான்? கரண்டு வந்ததும் சரக்கை அப்புறம் ஏத்திக்கலாம், கேப்டன் கொய்யா... முதல்ல இந்த நண்டுக்குக் கயித்தைப் போடும்மா.