பக்கத்து சீட்டு

இரண்டு கம்பெனிகளை ஒன்றாக்கும்போது முதல் தலைவலி சாப்பாட்டு நேரம்தான், சார். எங்கள் ராபர்ட்சன்பேட்டை ஆபீஸில் பன்னிரண்டரைக்கே டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவோம். கூட்டுச் சேர்ந்த பெங்களூர்க் கம்பெனிக்காரர்கள் ஒன்றரைக்குத்தான் எழுந்திருப்பார்கள். இரு தரப்பையும் ஒரே மேஜையில் உட்காரவைப்பது என் வேலை. மரியகுழந்தை, சேஞ்ச் மேனேஜர். அட்டையில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

நாங்கள் செய்வது கார் பிரேக்குக்கான சாப்ட்வேர். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் கூரை பத்திரம் என்று சொன்ன ஆள்தான் முதலில் அதன் கீழே போய் நிற்க வேண்டும். என் அப்பா அப்படி நின்றவர். அதையே ஆபீஸுக்கும் கொண்டுவந்தோம்: சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டவர் அந்தக் காரில் உட்கார வேண்டும். பெங்களூர்க்காரர்கள் சிரித்தார்கள். நான்தான் விடாமல் பேசி, தரப்புக்கு ஒரு கையெழுத்து, போட்ட இரண்டு பேரும் காரில், என்று விதியாக்கினேன்.

வெள்ளிக்கிழமை இரு கம்பெனி முதலாளிகளும் வருவதாக இருந்தது. அவர்கள் முன்னால் சோதனை வண்டி ஓடாவிட்டால் எங்கள் ஆபீஸை மூடிவிடுவார்கள். எனக்குப் பயம், சார். சுரங்கத்தை மூடிய பிறகும் அப்பா ஷிப்டுக்குக் கிளம்பி வாசலில் நிற்பார். அந்த முகம் எனக்கு வந்துவிடுமோ என்று பயம். பயந்தவன் கத்துவான் என்று நினைக்கிறார்கள். நான் பைல்களை அடுக்கிவைப்பேன்.

புதன்கிழமை, பெங்களூர்த் தரப்பில் கையெழுத்துப் போட வேண்டிய வாணி எனக்கு மட்டும் மெயில் அனுப்பினாள். ஈரச் சாலையில் பிரேக் தாமதமாகப் பிடிக்கிறது, ஓட்டாதீர்கள், நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று. அழித்துவிட்டேன்.

மறுநாள் எங்கள் தரப்பு சோதனையாளன் எல்வின் தாளோடு வந்து நின்றான்.

“பயமா கீதுண்ணா. மழையில ஒரு வாட்டி லேட்டா புடிச்சா மாதிரி இருந்துச்சு. அவங்க சைடுல இன்னா சொன்னாங்க?”

“அவங்க ஓகே சொல்லிட்டாங்கப்பா. நீ போடு.”

போட்டான். என்னை நம்பினான், பாவம்.

வெள்ளிக்கிழமை காலையில் தூறல். முதலாளிகள் வருவதற்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிடச் சொன்னேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே எல்வின் கேட்டான்.

“வாணி மேடம் வரலியாண்ணா?”

“பங்காருபேட்டையில ரயிலை விட்டுட்டாங்களாம். நீ கிளம்பு.”

“அப்ப நீங்களாவது வாங்கண்ணா. பக்கத்து சீட்டு காலியாத்தான் கீது.”

“மீட்டிங் இருக்குப்பா.”

பூதிகோட்டை ரோடு திருப்பத்தில் கார் நிற்கவில்லை. எல்வின் அங்கேயே போய்விட்டான்.

அடக்கத்தன்று இரண்டு கம்பெனிக்காரர்களும் சேர்ந்து பெட்டிக்குத் தோள் கொடுத்தார்கள். பிறகு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒன்பது மாதமாக நான் பாடுபட்டது அதற்குத்தான். அவன் மனைவி ஈவ்லின் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவருக்கு நீங்கன்னா உசுருண்ணா” என்றாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை, சார். மழைச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

தாளில் வாணியின் கட்டத்தில் இருப்பது என் கையெழுத்து. விதிப்படி அந்தப் பக்கத்து சீட்டு என்னுடையது. தெரிந்துதான் ஏறவில்லை. ஆனால் பத்திரம் என்று நான் சொல்லவே இல்லையே, சார். அவர்கள் சொன்னதாகத்தானே சொன்னேன்.