இருபத்தெட்டாம் நாள் படம்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. மழை விடும்வரை ஒரு கதை சொல்கிறேன். சின்னக் கதைதான், என்னுடையது.

எது வெள்ளை என்று கேமராவுக்குத் தானாகத் தெரியாது. நாம்தான் ஒரு வெள்ளைத் துணியைக் காட்டிச் சொல்லித் தர வேண்டும். ஒயிட் பேலன்ஸ் என்பது அவ்வளவுதான். செர்ப்புளசேரியில், பிள்ளை பிறந்து இருபத்தெட்டாம் நாள் நூல் கட்டிப் பேர் வைக்கும் நூலுகெட்டு வீடுகளுக்கெல்லாம் நான்தான் படம் எடுப்பேன். நிலவிளக்கு வெளிச்சத்தில் எந்தக் குழந்தையும் மஞ்சளாகத்தான் விழும். மஞ்சளைக் குறைத்துக் கொடுப்பேன். 'ஓமனா எடுத்தா காக்காவும் கொக்காயிடும்' என்பார்கள்.

ஒரு நாள் அப்படி ஒரு வீட்டுக்குப் போனேன்; அன்று எனக்கு அது மூன்றாவது வீடு. குழந்தையின் இடுப்பில் கறுப்பு நூல் கட்டி, அப்பா காதில் பேர் சொல்லி முடித்ததும், அம்மாக்காரி நிமிஷா என் கையைப் பிடித்தாள்.

"சேச்சி, பிள்ளை மஞ்சளா இருக்கான். சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. மஸ்கட்ல எங்கண்ணன் டாக்டரு. பகல் வெளிச்சத்துல ஒரு படம் எடுத்து அவனுக்கு அனுப்புங்க. உள்ளது உள்ளபடி இருக்கணும்."

அப்போதெல்லாம் படம் அனுப்ப ஊரில் என் ஸ்டுடியோ கம்ப்யூட்டர்தான் கதி.

மாமியார் பங்கஜாக்ஷியம்மா இலையில் பாயசம் விளம்பிக்கொண்டே சிரித்தார். "அது விளக்கு மஞ்சள்டீ. ஒண்ணு பெத்ததும் இவளே டாக்டராயிட்டா! ஓமனே, எம் பேரனைச் சீக்காளியாக் காட்டிடாதே. இளையவன் கல்யாணப் படமும் உனக்குத்தான்."

முற்றத்து வெயிலில், வெள்ளை வேட்டி முண்டு விரித்துக் கிடத்தி எடுத்தேன். முண்டைக் காட்டிக் கேமராவைச் சரிசெய்தேன். முண்டு சுத்த வெள்ளையாக விழுந்தது. குழந்தை மஞ்சளாகவே இருந்தான். கண்ணும்தான்.

எனக்குக் களைப்பு. இன்னொரு வீடு பாக்கி. அந்தப் பெண்ணும் இருபத்தெட்டு நாளாகத் தூங்கவில்லை; கொஞ்சம் தூங்கட்டுமே என்று நினைத்தேன். ஸ்டுடியோவுக்கு வந்து கம்ப்யூட்டரில் மஞ்சளை மெல்ல இறக்கினேன். கன்னம் சிவந்தது. முண்டு நீலமாகிவிட்டது. அதைப் பார்த்தால் எந்த டாக்டரும் சந்தேகப்படுவார். அதனால் முண்டை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் வைத்தேன். கண்ணின் மஞ்சளைத் தனியாகத் துடைத்தேன். அனுப்பினேன்.

மறுநாள் நிமிஷா போன் செய்தாள். "நிறம் நல்லாத்தான் இருக்கு, பயப்படாதேன்னுட்டான் அண்ணன். சேச்சி, நீங்க ஒண்ணும் மாத்தலையே?"

"குருவாயூரப்பன் சத்தியமா இல்ல, மோளே," என்றேன்.

நாலாம் மாதம்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பித்தக் குழாய் அடைப்பாம். இரண்டு மாதத்துக்குள் வந்திருந்தால் ஆபரேஷன் செய்து காப்பாற்றப் பார்த்திருக்கலாமாம். பத்தாம் மாதம் குழந்தை போய்விட்டான். மாலை போட்டு வைக்க ஒரு படம் கேட்டார்கள். மஞ்சள் துடைத்த அந்தப் படத்தையே பெரிதாக்கிக் கொடுத்தேன். நிமிஷா தடவித் தடவிப் பார்த்தாள். "எவ்வளவு நல்லா இருந்தான் பாருங்க, சேச்சி. நான்தான் அப்புறம் சரியாப் பாத்துக்கலை."

நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தவறிச் செய்ததல்ல, தெரிந்தே செய்தேன். ஆனாலும் அந்த மூன்று மாதம் அவள் கண்மூடித் தூங்கினாளே, அதைக் கொடுத்ததும் நான்தானே.

மழை விட்டுவிட்டது, போய் வாருங்கள். உங்கள் வீட்டுத் தொட்டில் ஓயாமல் ஆடட்டும். பெற்றவள் நிம்மதியாகத் தூங்கட்டும்.