விக்கலின் ஏழாவது ஆல்பம்

ஆறு ஆல்பங்களை வரிசைப்படுத்தும்போது முதலிடமும் கடைசி இடமும் தானாக அமைந்துவிடும். நான்காவது இடம்தான் தொல்லை. அங்கே எதை வைத்தாலும், வைத்த மறுநாளே தவறாகத் தோன்றும்.

நீங்கள் என்னிடம் கேட்டது காதுக்கருவியைப் பற்றி. நான் ஆல்பங்களிலிருந்து தொடங்குவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வேறு இடத்தில் தொடங்கினால், கெட்ட எண்ணத்தோடு செய்தவன்போல் ஆகிவிடுவேன்.

விக்கல் என்பது அவருடைய மேடைப் பெயர். கழுத்தில் அக்கார்டியனை மாட்டிக்கொண்டு, நேர்முகத் தேர்வில் விக்கல் எடுத்தவனின் கதையை முதல் ஆல்பத்தில் பாடினார். ஒவ்வொரு விக்கலும் தாளத்தில் சரியாக வந்து விழும். அதிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆறு ஆல்பங்களும் மேடையிலேயே, கூட்டத்தின் முன் பதிவானவை. அவருடைய மகள் பக்கத்தில் கீபோர்டு வாசிப்பார்.

என் வரிசையில் கடைசி இடம் ஆறாவது ஆல்பமான ‘மறுபடியும் நான்தான்’. தலைப்பிலேயே களைப்பு தெரிகிறது. ‘சம்பந்தி பேசுகிறார்’, ‘லிஃப்டில் நான்கு பேர்’ இரண்டும் நான்காவது இடத்துக்கு அடித்துக்கொள்பவை. மூன்றாவது இடம் ‘எடை மெஷின் பாடுகிறது’. இரண்டாவது, அந்த முதல் ஆல்பம். முதலிடத்தில் அவருடைய இரண்டாவது ஆல்பமான ‘காலி நாற்காலிகளுக்கு நன்றி’. அதில் எனக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை. மற்ற எல்லாவற்றிலும் சந்தேகம் உள்ளவன் நான்.

என் அக்காவோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். இந்த ஆல்பங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் குறித்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் அக்கா கதவருகே நின்று பார்த்தாள்.

“மறுபடியும் அந்த ஆளா? கேக்கறது சிரிப்புப் பாட்டு, மூஞ்சி மட்டும் சாவு வீட்ல உக்காந்த மாதிரி இருக்கு.”

“நல்லா இருக்கான்னு பாத்துட்டு இருக்கேன்க்கா.”

“சிரிப்பு வந்தா நல்லாருக்கு, வரலேன்னா நல்லால்ல. இதுல பாக்க என்னடா இருக்கு?”

அக்கா சொன்னதிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் நான் அவருடைய பாட்டுக்கு ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. நான் கவனித்தது வேறொன்றை. மூன்றாவது ஆல்பத்திலிருந்து, ஒவ்வொரு நகைச்சுவை வரிக்குப் பின்னும் அவர் சற்று நிறுத்துகிறார். சிரிப்பு வருவதற்காகக் காத்திருக்கிறார். வந்தபின் அது அடங்குவதற்காகவும் காத்திருக்கிறார். ஆல்பத்துக்கு ஆல்பம் அந்த இடைவெளி நீண்டுகொண்டே போனது. ஆறாவதில், பாட்டைவிட அவர் காத்திருப்பதே அதிகம் என்று எனக்குப் பட்டது. ‘காலி நாற்காலிகளுக்கு நன்றி’யில் அந்த இடைவெளி கிடையாது. அதில் அவர் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே போகிறார். குரல் ஓரிடத்தில் நடுங்குகிறது. அந்த நடுக்கத்தை வேறு எந்த ஆல்பத்திலும் நான் கேட்டதில்லை. அது எப்படி வந்தது என்றும் அப்போது எனக்குத் தெரியாது.

பகலில் காதுக்கருவிக் கடையில் உதவியாளனாக இருந்தேன். மாலையில் அதே தொழிலுக்கான வகுப்பு. ஒரு மதியம் விக்கல் தன் மகளோடு கடைக்கு வந்தார். நேரில் பார்ப்பேன் என்று நான் நினைத்திருக்கவில்லை. தோள்கள் குறுகி, மேடையில் தெரிவதைவிடச் சிறியவராக இருந்தார்.

“கொஞ்சம் மெதுவா பேசுங்க தம்பி,” என்றார். “எனக்குக் காது கேக்கலைன்னு வெளிய தெரிஞ்சிடப் போகுது.”

சோதனை செய்தேன். இரண்டு காதிலும் குறை இருந்தது. கருவி இல்லாமல் மகளின் கீபோர்டு அவருக்குக் கேட்காது. கருவிகளைப் பொருத்தினேன்.

“ரெண்டு பூச்சியக் காதுல விட்டு அனுப்பறீங்க. இதுக்குத் தீனி யாரு போடறது?”

“பேட்டரி போட்டாப் போதும் சார்.”

“அதத்தான் கேட்டேன். தீனி.”

மகள் சிரித்தார். அந்த நொடியே அவர் முகம் மகள் பக்கம் திரும்பியது. குழாய் திறக்கும் சத்தம் கேட்டுக் குடத்தோடு எழுந்துவிடுகிறவர்போலத் திரும்பினார். அதைப் பார்த்தபோது எனக்குச் சற்று வருத்தமாக இருந்தது.

அவருடைய ஆல்பங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ‘காலி நாற்காலிகளுக்கு நன்றி’ என்று சொன்னேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

“அதையா? அன்னிக்கு மழை தம்பி. வந்ததே கொஞ்சம் பேரு. ஒருத்தராவது சிரிக்கணுமே. ஏதோ வரி கட்ட வந்தவங்க மாதிரி உக்காந்திருந்தாங்க. பாட்டுக்கு நடுவுலயே எனக்கு அழுகை வந்திடுச்சு. வீட்டுக்குப் போய் இவ அம்மாகிட்ட, இனிமே பாடமாட்டேன்னு சொன்னேன்.”

“அவருக்கு அந்த ஆல்பத்தப் பத்திப் பேசினாலே பிடிக்காது,” என்றார் மகள்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. என் வரிசை சரி என்பதும் உறுதியானது. அவரைக் கெடுத்தது சிரிப்பு.

கருவியைப் பற்றி இனிச் சொல்கிறேன். கூட்டத்தின் இரைச்சலை அடக்கும் வசதி அதில் உண்டு. உணவகத்தில் எதிரே இருப்பவரின் பேச்சு தெளிவாகக் கேட்பதற்காக வைத்தது. பலர் சேர்ந்து பேசினாலும் சிரித்தாலும் கருவிக்கு அது இரைச்சல்தான். அவருக்காக மூன்று அமைப்புகள் போட்டுக் கொடுத்தேன்: வீட்டுக்கு, தெருவுக்கு, மேடைக்கு. மேடைக்கான அமைப்பில் மட்டும் கூட்டத்தின் ஓசையைக் கொஞ்சம் குறைத்தேன். பாட்டும் வாத்தியமும் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டன. அவர் நன்றி சொன்னார். அது உண்மையிலேயே நல்ல அமைப்பு. கடை உரிமையாளர் பார்த்திருந்தாலும் குறை சொல்லியிருக்கமாட்டார்.

செய்தது சரிதானா என்று எனக்குத் தயக்கம் இருந்தது. அதனால் அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்ப் பார்த்தேன். இடைவெளிகள் சுருங்கியிருந்தன. பாட்டில் மறுபடி ஓட்டம் வந்திருந்தது. ஒருமுறை நடந்ததை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்பதால், அவர் கருவியைச் சுத்தம் செய்ய வந்தபோது இன்னும் சற்றுக் குறைத்தேன். அதற்கடுத்த முறையும் குறைத்தேன். ஒவ்வொரு முறையும் போய்க் கேட்டேன்.

பிறகு அவர் கடைக்கு வந்தபோது பகடி எதுவும் பேசவில்லை.

“ஏதோ குறையுது தம்பி. சிரிக்கவேண்டிய இடத்துல சும்மா இருக்காங்க. கை மட்டும் லேசாத் தட்டறாங்க, மரியாதைக்கு.”

“அப்பா, எல்லாரும் சிரிச்சாங்க. நான் பக்கத்துலதான இருந்தேன்.”

“நீ என் பொண்ணு. நீ வேற எப்படிச் சொல்லுவ?”

மேடையில் விளக்கு முகத்தில் அடிப்பதால், எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் முகம் அவருக்குத் தெரியாது. அவருக்குக் காது ஒன்றுதான் வழி. சோதனை அறையில் உட்கார வைத்தேன். மகளைச் சிரிக்கச் சொன்னேன். அவர் வலிந்து சிரித்தார். ஒருவர் சிரிப்பதைக் கருவி அடக்குவதில்லை.

“கேக்குதே,” என்றார் விக்கல். “நல்லாக் கேக்குது. அப்ப அங்க சிரிக்கலைன்னுதான அர்த்தம்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். மகளின் கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பது எனக்குப் புரிந்தது.

“கருவி சரியாத்தான் இருக்கு சார்,” என்றேன்.

இது பொய் அல்ல. நான் சொன்னதை அது சரியாகச் செய்துகொண்டிருந்தது.

அவர் தலையாட்டினார். வெளியே போகும்போது மகள் மட்டும் திரும்பி வந்து என்னிடம் தணிந்த குரலில் பேசினார். “சாப்பிட மாட்டேங்கறாரு தம்பி. யாராவது போன் பண்ணாக்கூட எடுக்கறதில்ல. அடுத்த நிகழ்ச்சியப் பதிவு பண்ணி ஆல்பமாப் போடப்போறோம். அதுல சரியாயிடுவாருன்னு நெனைக்கிறேன். நீங்களும் வாங்க. வந்து கொஞ்சம் சத்தமாச் சிரிங்க.”

வருகிறேன் என்றேன். அன்று அவரை நிறுத்தி, மேடை அமைப்பைப் பழையபடி மாற்றியிருக்கலாம். நினைத்துப் பார்க்காமல் இல்லை. ஆனால் ஏழாவது ஆல்பம் அவ்வளவு அருகில் இருந்தது.

அந்த நிகழ்ச்சியின் பதிவை நேற்று இதே அறையில் எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். நான் அரங்கத்திலும் இருந்தேன், நடு வரிசையில். இடமே இல்லை, சுவரோரம்கூட ஆட்கள் நின்றார்கள். முதல் பாட்டிலிருந்தே கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் எங்கேயும் நிறுத்தவில்லை. சிரிப்பின்மேலேயே பாடிக்கொண்டு போனார். பல் வைத்தியரிடம் வாயைத் திறந்தவாறே கடனை மறுக்கும் மனிதனின் பாட்டில், பாதியில் குரல் நடுங்கியது. நான் இத்தனை வருடங்களாகக் கேட்கக் காத்திருந்த அதே நடுக்கம். முன்னைவிட ஆழமாக இருந்தது.

பிறகு அவர் பாட்டை நிறுத்தினார்.

“மன்னிச்சிடுங்க,” என்றார். “உங்க சாயங்காலத்த வீணாக்கிட்டேன்.”

அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. என் பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் மனைவியின் தோளைத் தட்டினார்.

“நெஜமாத்தான் சொல்றேன். சிரிப்பு வரலேன்னாலும் இவ்வளவு காலம் பொறுமையா உக்காந்திருந்தீங்க. அதுக்கு நன்றி.”

எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவருடைய மிகச் சிறந்த நகைச்சுவை என்று நினைத்திருப்பார்கள். மகள் கீபோர்டிலிருந்து எழுந்து அவர் பக்கம் வந்து, கூட்டத்தைக் காட்டி ஏதோ கத்தினார். அவர் அக்கார்டியனைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். இரண்டு காதிலிருந்தும் கருவிகளை எடுத்து அதன்மேல் வைத்தார். மகளின் தலையைத் தொட்டுவிட்டுப் பின்பக்கமாகப் போனார். அப்பாவுக்குச் சற்றுத் தனிமை வேண்டும் என்று நினைத்த மகள், கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு அங்கேயே நின்றார்.

அரங்கத்துக்குப் பின்னால் ஒரு குறுகிய பாதை. வாடகை நாற்காலிகளை ஏற்றிப்போக வந்த லாரி பின்னோக்கி வந்து விக்கலின்மேல் ஏறியது. எச்சரிக்கை ஒலி எழுப்பிக்கொண்டுதான் வந்ததாக ஓட்டுநர் சொல்கிறார். அவர் சொல்வதை நம்பலாம். கைதட்டலில் உள்ளே யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

இதில் ஒன்றைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். தெருவுக்கான அமைப்பை நான் பிறகு தொடவே இல்லை. லாரியின் ஒலி அதில் நன்றாகக் கேட்கும். கருவிகளைக் கழற்றியது அவர்.

ஒவ்வொரு முறையும் எவ்வளவு குறைத்தேன் என்று கருவிக்குள் பதிவாகியிருந்த எண்களை நான் அழிக்க முயலவில்லை. அவரிடமிருந்து சிரிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தது நான்தான். அவர் இடிந்துபோவதை எதிரே உட்கார்ந்து பார்த்தேன். ஒரு வார்த்தையில் அதை நிறுத்தமுடியும் என்று தெரிந்தே நிறுத்தவில்லை. இதை யாரும் என்னை வற்புறுத்தி எழுதவைக்கவில்லை. அவர்மேல் எனக்குப் பகை இல்லை. அவரை என் அளவுக்குக் கவனமாகக் கேட்டவர்கள் இருக்கமாட்டார்கள்.

காவல் நிலைய வாசலில் மகளைப் பார்த்தேன். நீங்கள் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்கள் போலிருக்கிறது. அவர் திட்டவில்லை. “உங்களுக்கு அவர எவ்வளவு பிடிக்கும்னு சொன்னீங்களே தம்பி,” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குமேல் அவருக்கு என்ன வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

வரிசை இப்போது மாறிவிட்டது. ஏழாவதை முதலிடத்தில் வைக்கிறேன், பாதியில் நின்றுபோன பாட்டையும் சேர்த்து. ‘காலி நாற்காலிகளுக்கு நன்றி’ இரண்டாவது இடத்துக்கு இறங்குகிறது. மற்றவையும் ஒவ்வொரு இடம் இறங்கும். இனிப் புதிதாக எதுவும் வராது என்பதால், இந்த வரிசையை மறுபடி மாற்றவேண்டியிருக்காது.

நேற்று நீங்கள் போட்ட பதிவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அதில் கூட்டத்தின் சிரிப்பு சற்று அதிகமாக இருக்கிறது, அவருடைய குரலை மறைக்கிறது. மகளிடம் கொடுப்பதற்கு முன் என்னிடம் தந்தால், அதைக் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன்.